விமானப் பொறியாளரின் பழைய தாள்களுக்கு இந்த ஆவணப் பெட்டித் தொகுப்பு: உப்புக் காற்றில் தாங்குமா?

பெட்டி நல்ல பெட்டி. வாங்கலாம். ஆனால் வந்த அன்றே எல்லாத் தாளையும் அதற்குள் அடுக்கிவிடாதீர்கள். கூட வரும் ஃபோல்டரில் புளூபிரிண்டை வைத்தால் நாளடைவில் நீலம் வெளுக்கும். பெட்டியின் மூலைத்தகடு மண்டபம், பாம்பன் பக்கத்துக் காற்றில் துருப்பிடிக்கும். ஈரம் உறிஞ்சக் கொடுத்திருக்கும் சிலிக்கா ஜெல் கால்பங்குக்குக்கூடக் காணாது. இந்த மூன்றையும் சரிசெய்துகொண்டால், டிரங்குப் பெட்டியிலும் பீரோவின் அடித்தட்டிலும் கிடக்கும் தாள்களுக்கு இதைவிட நல்ல இடம் வீட்டில் அமையாது.

மதுரையிலிருந்து கூரியரில் வரவழைக்க ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆகிறது. உள்ளே இருப்பவை: நிமிர்த்தி வைக்கும் அட்டைப்பெட்டி இரண்டு (38 செ.மீ. நீளம், 26 உயரம், 13 ஆழம்), படுக்கைவாட்டுப் பெட்டி ஒன்று (45க்கு 33, உயரம் 8), ஃபோல்டர் 25, பாலியெஸ்டர் உறை 50, பருத்தி நாடா ஒரு சுருள், 10 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் பத்து, ஈரப்பத மீட்டர் ஒன்று, அமிலம் பார்க்கும் பேனா ஒன்று, 2பி பென்சில் ஒன்று.

விமானத் துறையின் முதல் தலைமுறைக்கு இந்த அக்கறை ஏன் கூடுதலாக வேண்டும் என்று சொல்லிவிடுகிறோம். இந்திய அறிவியல் கழகத்தில் விமானப் பொறியியல் துறை தொடங்கியது 1942-ல். ராமேஸ்வரத்து அப்துல் கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) தொடங்கியது 1949-ல். அதற்கு முன் இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் விமானக் கொட்டகையில் எடுபிடியாக நின்று கற்றவர்கள். பட்டச் சான்றிதழ் என்று தனியாக ஒன்று இருக்காது. கிரவுண்ட் இன்ஜினியர் லைசென்ஸ், லாக்புக்கில் நாள்தோறும் போட்ட கையெழுத்து, எஞ்சினைப் பிரித்துப் பூட்டியதற்கான குறிப்பு, மேலதிகாரி தட்டச்சில் கொடுத்த நற்சான்று: அவர் தொழில் வாழ்க்கைக்கு இவைதாம் சாட்சி. ஒரு பக்கம் கரைந்தால் ஒரு வருடம் கரைந்த மாதிரி.

லைசென்ஸைப் படிக்கத் தெரிந்தால்தான் எது எந்த ஃபோல்டருக்கு என்று பிரிக்க முடியும். பிரிட்டிஷ் முறையில் ஏ என்றால் விமானத்தைப் பறக்குமுன் பரிசோதித்துச் சான்று தரும் உரிமை. பி என்றால் விமான உடலைப் பெரிய பழுது நீக்கியபின் பரிசோதிப்பது. சி என்றால் பறக்குமுன் எஞ்சினைப் பார்ப்பது. டி என்றால் எஞ்சினை முழுதாகப் பிரித்துப் பூட்டிய வேலைக்குச் சான்று தருவது. எக்ஸ் என்றால் மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் சாதனம்), கருவிகள் போன்ற தனி வேலை. ஒருவருடைய லைசென்ஸில் ஏ, சி மட்டும் முதலில் இருந்து, சில வருடம் கழித்து டி சேர்ந்திருந்தால், அவர் ஓடுதளத்திலிருந்து பட்டறைக்குப் போனார் என்று பொருள். பின்பக்கத்தில் எந்தெந்த விமானம், எந்தெந்த எஞ்சின் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து முத்திரை குத்தியிருப்பார்கள். அந்த முத்திரை மை ஈரத்தில் பரவும். ஆகவே முதலில் காப்பாற்ற வேண்டியது பின்பக்கம்.

லாக்புக்கில் விமானப் பதிவெழுத்தைப் பாருங்கள். ஜி-ஐ என்று தொடங்கினால் 1929-க்கு முந்தைய பதிவு, வி.டி. என்றால் அதற்குப் பிந்தியது. 1940 டிசம்பரில் பெங்களூரில் வால்சந்த் ஹீராசந்த் முயற்சியில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொடங்கியபின் அங்கே வேலை பார்த்தவராக இருந்தால், போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலை அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் இடமாக மாறியதால், பிரிட்டிஷ் படிவத்தோடு அமெரிக்கப் படிவமும் கலந்து கிடக்கும். ஒன்றில் திருகு மரைகள் விட்வொர்த், பி.எஸ்.எஃப்., பி.ஏ. என்ற பிரிட்டிஷ் அளவுகளில் இருக்கும், மற்றதில் அமெரிக்க மரை அளவு. தேதி அழிந்த தாளைக்கூட இதை வைத்து எந்த வேலைக் காலத்தைச் சேர்ந்தது என்று ஓரளவு நிதானிக்கலாம். டாக்டர் வி.எம். கட்கே வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951-ல் பறந்தது. அதன் பாகங்களைப் பற்றிய குறிப்பு வந்தால் அந்தக் கட்டு போருக்குப் பிந்தியது. கட்டின் வரிசையைக் கலைக்காதீர்கள். அவர் கட்டி வைத்த வரிசையும் ஒரு தகவல்.

இனி ஃபோல்டர். இதில்தான் தொகுப்பு செய்தவர்களோடு எங்களுக்குக் கருத்து வேறுபாடு. 25 ஃபோல்டரும் கால்சியம் கார்பனேட் சேர்த்த, காரத்தன்மை உள்ள அட்டை. சாதாரணக் கடிதத்துக்கும் தட்டச்சுத் தாளுக்கும் இது மிக நல்லது. மரக்கூழ்த் தாள் காலப்போக்கில் தானே அமிலம் சுரக்கும். அட்டையிலுள்ள சுண்ணச்சத்து அதை முறிக்கும். ஆனால் புளூபிரிண்டின் நீலம் இரும்பு கலந்த நிறமி. காரம் பட்டால் சிதைந்து வெளிறிப் பழுப்பாகும். விமானப் பொறியாளர் கட்டில் புளூபிரிண்ட் இல்லாமல் இருக்குமா? இதற்குக் காரம் சேர்க்காத, நடுநிலையான உறைதான் வேண்டும். கறுப்பு-வெள்ளைப் புகைப்படத்துக்கும் அதுவே நல்லது. தொகுப்பில் அப்படி ஒன்றுகூட இல்லை. விளக்கச் சீட்டில் எச்சரிக்கையும் இல்லை. எங்கள் மதிப்பீட்டில் இது பெரிய குறை.

புளூபிரிண்ட் எது, அமோனியா பிரிண்ட் எது என்று குழம்புகிறவர்கள் அதிகம். ஆழ்ந்த நீலத் தளத்தில் வெள்ளைக் கோடு என்றால் புளூபிரிண்ட். வெளுத்த தளத்தில் நீலமோ ஊதாவோ பழுப்போ ஆன கோடு என்றால் அமோனியா பிரிண்ட். ஓரம் பழுத்திருக்கும், சில நேரம் வாடையும் இருக்கும். அமோனியா பிரிண்ட் வெளிவிடும் ஆவி பக்கத்துத் தாளைக் கெடுக்கும். அதைத் தனி உறையில், முடிந்தால் தனிப் பெட்டியில் வையுங்கள். வெளிச்சத்தில் மங்கிய புளூபிரிண்டை இருட்டில் வைத்தால் நிறம் ஓரளவு திரும்பும். அதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். ஆகவே உணவுப் பொட்டலத்தில் போடும் ஆக்சிஜன் உறிஞ்சியைப் புளூபிரிண்டோடு போடக் கூடாது.

மூன்றாவது வகை டிரேசிங் துணி. லேசான நீலச்சாயலோடு பளபளப்பாக இருக்கும். மூல வரைபடத்தை இந்தியன் மையில் இதில்தான் போடுவார்கள். மெல்லிய துணியில் கஞ்சி ஏற்றிச் செய்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அந்த இடம் வெள்ளையாகிவிடும். ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் விருந்து. இதைத் துடைக்கவே கூடாது. மென்மையான தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள்.

பாலியெஸ்டர் உறைகள் தரமானவை. இரண்டு பக்கம் ஒட்டி இரண்டு பக்கம் திறந்த எல் வடிவம். இந்தக் கடற்கரைக்கு அதுதான் சரி. நான்கு பக்கமும் மூடிய உறையில் ஈரம் உள்ளே சிக்கினால் வெளியேற வழியிருக்காது. புகைப்படம், லைசென்ஸ், நற்சான்றுக் கடிதம் ஆகியவற்றுக்குப் பயன்படுத்துங்கள். பென்சில் வரைபடத்துக்கும், மை பொரிந்து உதிரும் தாளுக்கும் வேண்டாம். பாலியெஸ்டரில் நிலைமின்சாரம் ஏறும். பென்சில் துகளை இழுத்துக்கொள்ளும். உறை தீர்ந்துவிட்டது என்று ஸ்டேஷனரி கடையில் விற்கும் பிளாஸ்டிக் கவரை வாங்கிச் சேர்க்காதீர்கள். அவற்றில் பல பி.வி.சி.; இந்த வெயிலில் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 1 என்றால் பாலியெஸ்டர் வகை, 5 என்றால் பாலிபுரொப்பிலீன். இரண்டும் தாளுக்குக் கேடில்லை. 3 என்றால் பி.வி.சி., ஒதுக்குங்கள். லேமினேஷன் பற்றிக் கேட்கவே வேண்டாம். சூடும் பசையும் ஏறியபின் அந்தத் தாளை யாராலும் பழைய நிலைக்குத் திருப்ப முடியாது.

இப்போது ஈரம். தொகுப்பை வடிவமைத்தவர்கள் மதுரை மாதிரி ஊரை மனதில் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. சமையல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் கசியும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுக்கத் தொடங்கும். உப்பளத்தில் உப்பு வாரியபின் பாத்தியில் நிற்கும் கசப்பு நீர் காயாமல் கிடப்பதும் இதனால்தான். காற்றில் வந்து தாளில் படிந்த உப்புத்தூள், அறை காய்ந்து இருக்கிற நாளிலும் தாளை நசநசப்பாகவே வைத்திருக்கும். எனவே பெட்டியில் வைக்குமுன் ஒவ்வொரு தாளையும் உலர்ந்த தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தாக வேண்டும். ஈரத்துணி கூடாது.

அதிலும் ஊதாப் பென்சில் எழுத்துக்கு ஈரம் எமன். காப்பியிங் பென்சிலில் சாயம் கலந்திருக்கும். உலர்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் மாதிரி சாம்பலாகத்தான் தெரியும். ஈரம் பட்டதும் ஊதாவாகப் பரவும். அழிக்க முடியாத எழுத்து வேண்டும் என்பதற்காகப் பட்டறைக் குறிப்புகளில் இதைப் பயன்படுத்தினார்கள். பக்கத்தில் எங்காவது ஊதாப் புள்ளி தெரிந்தால் அந்த நோட்டு முழுவதையும் சந்தேகப்படுங்கள். விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் இங்கே ஆகவே ஆகாது.

பெட்டி அட்டையால் ஆனது, காற்று புகும். அதற்குள் சிலிக்கா ஜெல் போடுவது ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஏ.சி. போடுவது போல. ஒரு கணக்கு பாருங்கள். நிரம்பிய நிமிர்வுப் பெட்டியில் சுமார் 5 கிலோ தாள் இருக்கும். 80 சதவீத ஈரப்பதத்தில் கிடந்த தாளை 50-க்குக் கொண்டுவர, எடையில் சுமார் 4 சதவீதம் தண்ணீர் வெளியேற வேண்டும். அதாவது 200 கிராம். தொகுப்பில் வரும் ஜெல் மொத்தமே 100 கிராம். அது தன் எடையில் கால்பங்கோ அதற்குச் சற்று மேலோதான் உறிஞ்சும். 25, 30 கிராமோடு தீர்ந்தது. ஜெல் என்பது காய்ந்த தாளைக் காய்ந்தபடியே வைத்திருக்கத்தான். காயவைப்பது வேறு வேலை.

அந்த வேலையை ஏ.சி. அறையில் மூன்று நான்கு நாள் தாள்களைப் பரப்பி வைத்துச் செய்யலாம். ஏ.சி. இல்லாவிட்டால் கச்சான் என்னும் மேல்காற்று நிலத்தின்மேல் வறண்டு வரும் நாளாகப் பார்த்து, மீட்டர் 55-க்குக் கீழ் காட்டும் நண்பகல் நேரத்தில், நிழலில் செய்யுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். வாடைக்காற்று தொடங்கியபின், ஐப்பசி, கார்த்திகையில், பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

காய்ந்தபின் இரண்டு நிமிர்வுப் பெட்டிகளையும் சேர்த்து, மூடியில் ரப்பர் வளையம் உள்ள பாலிபுரொப்பிலீன் பெட்டிக்குள் இறக்குங்கள். உட்புறம் 42க்கு 30க்கு 30 இருந்தால் போதும். சுமார் 38 லிட்டர். அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளுக்கு ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ ஜெல் என்று ஒரு வழக்கமான அளவு உண்டு. அதன்படி இதற்கு 750 கிராம். கெமிக்கல் கடையில் கிலோக் கணக்கில் உதிரியாக வாங்கி, மெல்லிய துணிப்பையில் கட்டி, தாளில் படாமல் மேல்பக்கம் வையுங்கள். தொகுப்பில் வருவது நீல நிற ஜெல், ஈரமானால் இளஞ்சிவப்பாகும். அந்த நிறம் கோபால்ட் குளோரைடு, நச்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சு நிற ஜெல் மேல். நிறம் மாறியதும் 100 முதல் 120 டிகிரி அடுப்பில் 2, 3 மணி நேரம் வறுத்தால் திரும்பப் பயன்படும். சமையலுக்கு வைத்திருக்கும் அவனில் செய்யாதீர்கள்.

மீட்டரை அப்படியே நம்பவேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு நிரப்பி, கரையாமல் பிசுபிசுக்கும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் கவரில் மூடி 12 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். தொகுப்பில் வந்த மீட்டர் 69 காட்டியது. ஆறு குறைவு. 58 என்று மீட்டர் சொன்னால் உண்மையில் 64. பூஞ்சணம் பிடிக்கும் எல்லையை நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். வித்தியாசத்தை ஒரு சீட்டில் எழுதி மீட்டரின் முதுகில் ஒட்டுங்கள்.

மூலைத்தகடு விஷயம்: வெளியூரில் இது பெட்டிக்கு வலு. இங்கே தகட்டின் வெட்டுமுனையில் முதலில் பழுப்புப் புள்ளி வரும். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கும். படுக்கைவாட்டுப் பெட்டியை வெளியே வைப்பதானால் தகட்டின்மேல் மெல்லிய மெழுகு பூசிவிடுங்கள். தாளிலுள்ள குண்டூசி, ஸ்டேப்பிளுக்கும் இதே நோய்தான். துருவேறிய ஊசியை இழுக்காதீர்கள். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே பாலியெஸ்டர் துண்டு ஒன்றைச் செருகி, துருவைத் தளர்த்தி, கம்பியை நிமிர்த்தி எடுங்கள்.

பெரிய வரைபடத்துக்கு இந்தத் தொகுப்பில் இடமே இல்லை. பிரிட்டிஷ் கால வரைபடத் தாளில் டபுள் எலிஃபண்ட் என்பது 40 அங்குல நீளம், கிட்டத்தட்ட 27 அங்குல அகலம். 45 செ.மீ. பெட்டியில் அதை வைக்க மடிக்க வேண்டும். மடித்த இடம் கிழியும். சுருட்டி வைப்பதானால் குறைந்தது 10 செ.மீ. விட்டமுள்ள அட்டைக் குழாயைப் பாலியெஸ்டரால் சுற்றி, அதன் வெளிப்பக்கம் வரைபடத்தைச் சுருட்டி, மேலே பருத்தித் துணி போர்த்தி, நாடாவால் கட்டுங்கள். பிளம்பிங் கடை பி.வி.சி. குழாய்க்குள் நுழைத்து வைப்பதைப் பல வீடுகளில் காணலாம். வெளியே எடுக்கும்போது ஓரம் கிழிவதும் அதனால்தான்.

இந்தப் பெட்டிக்குள் வைக்கவே கூடாத பொருள்கள் உண்டு. இதை அழுத்திச் சொல்கிறோம். 1950-க்கு முந்தைய நெகட்டிவில் நைட்ரேட் ஃபிலிம் இருக்கலாம். எளிதில் தீப்பிடிக்கும். பிசுபிசுத்து, மஞ்சளித்து, மூக்கைத் துளைக்கும் வாடை அடித்தால் காற்றுப் புகாத பெட்டியில் அடைக்காதீர்கள். குளிர்ந்த, காற்றோட்டமான இடத்தில் தனியே வைத்துவிட்டு நிபுணரிடம் கேளுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதிப் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. புளிக்காடி வாடை அடித்தால் அது அசிட்டேட் ஃபிலிம். தீ அபாயமில்லை, ஆனால் மற்ற ஃபிலிமையும் கெடுக்கும். இறக்கைத் துணியின் மாதிரித் துண்டு இருந்தால் அதில் பூசிய டோப் (துணியை விறைப்பாக்கும் பூச்சு) நைட்ரேட்டாக இருக்கலாம். அதையும் தனியே வையுங்கள். கணக்குப் போட வைத்திருந்த பழைய செல்லுலாய்டு ஸ்லைடு ரூலும் அப்படியே.

விமானத்திலிருந்து எடுத்த பழைய உயரமானியோ கடிகாரமோ இருந்தால் முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் பூச்சு இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லையே என்று நினைக்க வேண்டாம். ஒளிரும் துத்தநாக சல்பைடு தேய்ந்துபோயிருக்கும். ரேடியத்தின் அரைவாழ்வு 1600 ஆண்டு. கண்ணாடியைத் திறக்காதீர்கள், பூச்சைச் சுரண்டாதீர்கள், படுக்கையறையில் வைக்காதீர்கள்.

எண்ணெய்க் கறை பற்றி ஒரு வார்த்தை. முதல் உலகப்போர் காலத்து நோம், லெ ரோன் போன்ற சுழல் எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். அந்தக் காலக் குறிப்பேட்டில் கறை பழுத்துப் பசையாக இருந்தால் அதுவாக இருக்கலாம். துடைத்தெடுக்க முயலாமல் அந்தப் பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே நடுநிலைத் தாள் ஒன்றைச் செருகுங்கள். கறையும் அந்தப் பக்கத்தின் வரலாறுதான்.

பூச்சிக்கு வேப்பிலையோ வசம்போ வைப்பதானால் துணியில் முடிந்து வெளிப்பெட்டிக்கும் வெளியே வையுங்கள். தாளில் பட்டால் கறை. பாச்சை உருண்டை வேண்டாம். பெட்டி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரை ஒட்டாமல் இருக்கட்டும். கரையான் பாதை கண்ணில் படும்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் எடுத்ததை இந்தக் கரை மறக்காது. எந்தப் பெட்டியும் கடலேற்றத்துக்கு நிற்காது. எழுத்துத் தாளை 300, வரைபடத்தை 400, புகைப்படத்தை 600 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்து, மூன்று பிரதி எடுத்து, ஒன்றை உள்நாட்டு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். தாள் நனைந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும், அதற்குமேல் பூஞ்சணம். பிரித்துக் காயவைக்க நேரமில்லாவிட்டால் பாலித்தீன் பையில் சுற்றி உறையவைக்கலாம். இங்கே இறால் கம்பெனிகளின் குளிர்கிடங்கில் மைனஸ் 18 டிகிரி இருக்கிறது. தெரிந்தவர் இருந்தால் ஒரு மூலை கேட்டு வையுங்கள். கடல் தண்ணீரில் நனைந்த தட்டச்சுத் தாளை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு உறையவைக்கலாம். ஊதாப் பென்சில் எழுத்தையும் டிரேசிங் துணியையும் அலசக் கூடாது.

அமிலப் பேனாவை மூலத் தாளில் போடாதீர்கள், கோடு அழியாது. வாங்கும் உறையைச் சோதிக்க மட்டும் அது. மஞ்சளானால் அமிலம், ஊதாவானால் சரி. ஊதாவானதாலேயே புளூபிரிண்டுக்கு ஏற்றது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. காரம் சேர்த்த அட்டையும் ஊதாதான் காட்டும்.

ஆர்டர் போடும்போதே 25 ஃபோல்டரில் பத்தைக் காரம் சேர்க்காததாக மாற்றித் தரச் சொல்லுங்கள். கேட்டால் அதே விலைக்கு மாற்றித் தருகிறார்கள். கேட்காவிட்டால் 25-ம் ஒரே வகைதான் வரும். இரண்டு வகையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருப்பதால், பிரித்தவுடன் காரம் சேர்க்காத பத்தின் மூலையிலும் 2பி பென்சிலால் ‘நீலம்’ என்று எழுதிவிட்டு அப்புறம் தாளைத் தொடுங்கள்.